மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்வது: யாரிடம், எதற்கு, எவ்வளவு காலம்?

1950 டிசம்பரில், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உயிர் இயற்பியல் பிரிவை நடத்திவந்த ஜான் ராண்டல், பாரிஸில் இருந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். புரதக் கரைசல்களை ஆராய்வதற்காக ஃபிராங்க்ளினை முதலில் எடுத்திருந்தார்கள். அந்தத் திட்டம் மாறிவிட்டது, இனி அவர் டி.என்.ஏ. இழைகளைப் பார்க்க வேண்டும், எக்ஸ் கதிர் வேலையில் இப்போதைக்கு அவரும் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவரும் மட்டுமே இருப்பார்கள் என்பது கடிதத்தின் சாரம். காஸ்லிங்கை வைத்துக்கொண்டு அதே பிரிவில் டி.என்.ஏ. படங்களை எடுத்துவந்த மாரிஸ் வில்கின்ஸுக்கு இந்த ஏற்பாடு சொல்லப்படவில்லை. புதிதாக வருபவர் தமக்குத் துணையாக வருகிறார் என்று அவர் நினைத்தார். வேலை முழுக்கத் தம்முடையது என்று ஃபிராங்க்ளின் நினைத்தார். இருவர் நினைத்ததற்கும் காரணம் இருந்தது. 1951 ஜனவரியில் ஃபிராங்க்ளின் சேர்ந்த பிறகு தொடங்கிய பூசல், டி.என்.ஏ.வின் 51ஆம் எண் எக்ஸ் கதிர்ப் படம் ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் போட்டிக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட்சனின் கண்ணுக்குப் போய்ச் சேரும்வரை நீடித்தது.

அந்தக் கதையை விஞ்ஞானிகளின் குணவிசேஷங்களைச் சொல்லும் கதையாகவே வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் அதன் வேர், ஓர் ஆய்வகத்தில் ஒருவர் சேர்ந்தபோது எது பேசப்பட்டது, எது பேசாமல் விடப்பட்டது என்பதில் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவரும், பட்டம் முடித்துப் போஸ்ட்டாக்காகச் சேருபவரும் இன்றும் அதே மாதிரியான வாய்மொழி ஏற்பாட்டில்தான் உள்ளே போகிறார்கள். எந்தத் தேர்வு எழுதுவது, எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று நுழைவாசலைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறோம். ஆய்வுக் கேள்வி யாருடையது, பணம் யார் பெயரில் வருகிறது, எத்தனை ஆண்டு, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்ற நான்கும் பேசப்படுவதில்லை. பின்னால் வரும் துயரங்களில் பெரும்பகுதி இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் முளைக்கிறது.

பல்கலைக்கழகம் அல்ல, ஓர் அறை

பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். மாணவர் உண்மையில் சேர்வதோ ஒரு பேராசிரியரின் கீழ் ஐந்து முதல் இருபது பேர் வரை வேலை செய்யும் ஓர் அறையில். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும்கூட இது பொருந்தும். மூலக்கூறு உயிரியலில் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம், இந்தத் துறையின் அறிவில் பாதி கையில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான ஒரு மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுப்பது, ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் பிரிப்பது, செல் வளர்ப்பில் கிருமி நுழையாமல் காப்பது ஆகியவற்றைப் புத்தகம் விளக்கும். பழக்குவது பக்கத்து மேசை சீனியர்தான்.

இந்தத் துறை பரவியதும் அப்படியே. மாக்ஸ் டெல்புரூக் 1945இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பாக்டீரியா வைரஸ்களைப் பற்றிய கோடைகாலப் பயிற்சியைத் தொடங்கினார். லியோ சிலார்டு, சீமோர் பென்சர் போன்ற இயற்பியலாளர்கள் சில வாரங்கள் தட்டில் பாக்டீரியா வளர்த்துத்தான் உயிரியலுக்குள் வந்தார்கள். அதே இடத்துப் பயிற்சிகளிலிருந்து 1982இல் மேனியாட்டிஸ், ஃபிரிட்ஷ், சாம்புரூக் மூவரும் தொகுத்த குளோனிங் செய்முறை நூல் வந்தது. உலகமெங்கும் லேப் அலமாரிகளில் கறைபடிந்த பக்கங்களோடு கிடக்கும் நூல் அது. இன்று பல செய்முறைகள் பெட்டியில் அடைத்த கிட்டுகளாக வருகின்றன. ஆனால் பி.சி.ஆர். வேலை செய்யாதபோது எதை முதலில் சந்தேகிப்பது, எந்தக் கன்ட்ரோல் இல்லாமல் ஒரு முடிவை நம்பக்கூடாது என்பதற்குக் கிட் கிடையாது. எப்படிப்பட்ட அறையில் ஒருவர் இதைக் கற்றார் என்பது அவர் எப்படிப்பட்ட ஆய்வாளர் ஆவார் என்பதை வெகுவாகத் தீர்மானிக்கிறது.

இந்திய வாசல்கள்

இந்தியாவில் இந்தத் துறைக்குத் தனி இடம் கிடைத்ததும் ஒரு கடிதத்தால்தான். கிளாஸ்கோவில் முனைவர் பட்டமும் அமெரிக்காவில் போஸ்ட்டாக் அனுபவமும் பெற்றிருந்த ஒபைத் சித்திக்கியைப் பற்றி சிலார்டு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஹோமி பாபாவுக்கு எழுதினார். 1962இல் அந்நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவு பிறந்தது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) பின்னர் அதிலிருந்து வளர்ந்தது. 1977இல் ஹைதராபாதில் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.) தொடங்கியது, 1986இல் மத்திய அரசு உயிரித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே அமைத்தது. அந்தக் கட்டத்தில்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உயிரித் தொழில்நுட்ப முதுகலைப் படிப்பைத் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் ஒன்றானது. அண்ணா பல்கலைக்கழகம் 1987இல் தனி மையம் அமைத்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்துவந்தார்.

இன்று ஒரு முதுகலை மாணவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தேசிய நிறுவனங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றோ, உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு, ஐ.சி.எம்.ஆர். தேர்வு, கேட், இன்ஸ்பயர் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகவோ நேர்காணலுக்குப் போக வேண்டும். சில நிறுவனங்கள் தாமே தேர்வு நடத்துகின்றன. என்.சி.பி.எஸ். போன்ற சில இடங்களில் முதலாண்டில் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுழற்சி முறை உண்டு.

இரண்டாவது, மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். இங்கே முதலில் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, சம்மதிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஓய்வுபெற மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கவும் முடியாது. எனவே மாணவர் கேட்கும் முதல் கேள்வி, “சார், வேகன்சி இருக்கா?” என்பதாகிறது. இடம் இருக்கும் கைடிடம் சேர்கிறார். அவரிடம் இருக்கும் தலைப்பை எடுத்துக்கொள்கிறார். தேர்ந்தெடுப்பது என்ற ஒன்றே நடப்பதில்லை.

மூன்றாவது, திட்டப் பணியாளராக நுழைவது. ஒரு பேராசிரியருக்குக் கிடைத்த ஆய்வு நிதியில் புராஜெக்ட் அசோசியேட்டாகவோ புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். ஆகவோ சேர்ந்து, பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்வது. கைப்பழக்கமும் ஓரளவு சம்பளமும் கிடைப்பதால் பலருக்கு இதுவே நடைமுறை வழி. ஆனால் திட்டம் மூன்றாண்டில் முடியும், பட்டம் முடியாது. பதிவு எப்போது என்பதை முதல் நாளே கேட்காதவர்கள் இரண்டாம் ஆண்டில் அதைக் கெஞ்சிக் கேட்க நேர்கிறது.

வெளிநாட்டு வாசல்கள்

அமெரிக்காவில் மாணவரைச் சேர்ப்பது துறை, பேராசிரியர் அல்ல. டிசம்பரை ஒட்டி விண்ணப்பம், அடுத்த சில மாதங்களில் நேர்காணல், முதலாண்டில் ஆறு முதல் பத்து வாரம் வீதம் மூன்று சுழற்சிகள், இரண்டாம் ஆண்டில் தகுதித் தேர்வு, மொத்தம் ஐந்து ஆறு ஆண்டுகள் என்பது பொதுவான நடை. ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பல உயிரியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. அதற்கு நியாயம் சொல்ல கரோல் கிரைடர் ஒருவர் போதும். வாசிப்புக் குறைபாட்டால் அந்தத் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த அவருக்கு, விண்ணப்பித்த பல இடங்களில் பெர்க்லியும் கால்டெக்கும் மட்டுமே இடம் கொடுத்தன. பெர்க்லியில் இருந்த எலிசபெத் பிளாக்பர்னிடம் பேசியது பிடித்துப்போய் அதையே தேர்ந்தார். 1984 கிறிஸ்துமஸ் நாளன்று டெலோமரேஸ் நொதியின் முதல் அடையாளத்தைத் தம் ஜெல்லில் கண்டார். 2009இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நிறுவனத்தின் தரவரிசையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஜெர்மனியில் முனைவர் ஆய்வு என்பது ஒப்பந்த வேலை. உயிரியலில் பெரும்பாலும் அரசு ஊதிய அட்டவணையின் இ13 நிலையில் 65 சதவீதம் சம்பளமாகத் தருவார்கள். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் மையமாக விண்ணப்பம் வாங்குகின்றன. பிரிட்டனில் மூன்றரை, நான்கு ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். தலைப்பும் வழிகாட்டியும் பெரும்பாலும் விளம்பரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூரின் சிங்கா உதவித்தொகையும் நான்காண்டுக் கணக்கு.

இவற்றில் எது மேல்? சுழற்சி முறைக்கே என் வாக்கு. கிட்டத்தட்ட ஓராண்டு அதில் போகிறது என்பது உண்மை. ஆனால் ஐந்தாண்டு உறவை அரைமணி நேர நேர்காணலில் முடிவுசெய்வதைவிட அந்த ஓராண்டு மலிவு. மாணவர் லேபைப் பார்க்கிறார். லேபும் மாணவரைப் பார்க்கிறது. பிடிக்கவில்லை என்றால் யார் முகமும் கோணாமல் நகர்ந்துவிடலாம். நேரடியாகக் கைடிடம் சேரும் முறையில் அதே நகர்வு துரோகமாகப் பார்க்கப்படுகிறது.

பணம் யார் பெயரில்?

2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உயர்வின்படி இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அதற்கு முந்தைய 31,000 ரூபாய், நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு 2019இல் வந்தது. நெட் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு நெட் அல்லாத ஃபெலோஷிப்பாக மாதம் 8,000 ரூபாய்தான். ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு இடையில் இத்தனை இடைவெளி. தொகை மாதாமாதம் வருவதும் இல்லை. பல மாத நிலுவை வந்து ஒன்றாகச் சேர்வது ஆய்வு மாணவர் வாழ்க்கையில் சாதாரணம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாணவருக்கு இது மட்டுமே லேபைத் தீர்மானித்துவிடும்.

தொகையைவிட முக்கியமானது அது யார் பெயரில் வருகிறது என்பது. தம் பெயரில் ஃபெலோஷிப் வைத்திருக்கும் மாணவருக்கு, கைடு மாற வேண்டிய நிலை வந்தால் பேசுவதற்கு ஒரு பலம் இருக்கிறது. கைடின் திட்டப் பணத்தில் இருப்பவருக்கு அது இல்லை. 2022 விதிகளிலேயே இதற்குத் தடயம் கிடைக்கும்: திருமணம் போன்ற காரணங்களால் இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் அந்த ஆய்வு, பழைய நிறுவனத்துக்கு ஒரு நிதி நிறுவனம் கொடுத்த திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது.

காலக் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். இரண்டாண்டு, எஸ்.ஆர்.எஃப். மூன்றாண்டு என ஐந்தாண்டில் உதவித்தொகை நின்றுவிடும். முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி. தரும் உச்சவரம்பு ஆறாண்டு. மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு. எலி, ஈ, செடி என எந்த உயிரை வைத்து வேலை செய்தாலும் தலைமுறைகள் வளரக் காத்திருக்க வேண்டும். மரபணு மாற்றிய எலி வரிசை ஒன்றை உருவாக்கவே ஓராண்டு போய்விடலாம். ஐந்தாண்டுப் பணமும் ஆறேழாண்டு வேலையும் என்ற இந்த முரண், கடைசி ஆண்டுகளில் மாணவரைக் கைடின் தயவில் நிறுத்துகிறது.

அமெரிக்காவிலும் பணம் பாதுகாப்பானதல்ல. மாணவரின் சம்பளமும் கல்விக் கட்டணமும் பெரும்பாலும் பேராசிரியரின் நிதியிலிருந்தும் துறையின் பயிற்சி நிதியிலிருந்தும் வருகின்றன. 2025இல் கூட்டரசின் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது, யுமாஸ் சான் மருத்துவப் பள்ளி உயிரியல் முனைவர் படிப்புக்குக் கொடுத்திருந்த அனுமதிகளையே திரும்பப் பெற்றது.

கேள்வி யாருடையது?

நல்ல ஆய்வுக் கேள்வி எங்கிருந்து வரும் என்பதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950களின் நடுவில் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை வடிவத்தை முன்வைத்தபோது, அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சென்னைக் குழு இறங்கியது. அந்தக் கணக்கிலிருந்து 1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பெயரில் வந்ததுதான் இன்று உலகம் முழுவதும் புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். ராமகிருஷ்ணன் அப்போது ஆய்வு மாணவர். லேபின் உண்மையான கவலை எதுவோ அதுவே அவருடைய கேள்வியாகவும் இருந்தது. கைடின் மனத்தில் இல்லாத தலைப்பை மாணவருக்குத் தள்ளிவிடும் லேப்களிலிருந்து இப்படி எதுவும் வராது.

கேள்வி யாருடையது என்பதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. ஒரே கேள்வியில் இரண்டு பேரைப் போட்டிக்கு விடும் பழக்கம் அந்த லேபில் இருக்கிறதா? ஒரு துணிச்சலான வேலையோடு, நிச்சயம் ஏதாவது முடிவு தரும் இன்னொரு வேலையும் கிடைக்குமா? போஸ்ட்டாக் என்றால், வெளியேறும்போது அந்தக் கேள்வியின் ஒரு பகுதியைத் தம் சொந்த லேபுக்குக் கொண்டுபோகலாமா? மூன்றாவது கேள்வியைச் சேருவதற்கு முன் கேட்பவர் குறைவு. கேட்காததால், பிறகு பழைய பாஸுடனேயே போட்டியிட வேண்டிய நிலை பலருக்கு வருகிறது.

யார் பெயர் முதலில்?

1961 மே மாதம், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த போஸ்ட்டாக் ஹைன்ரிக் மத்தாய், யுரேசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செல் சாற்றில் சேர்த்தபோது, ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன புரதம் கிடைத்தது. மரபுக் குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்ட நாள் அது. 1968இல் நோபல் பரிசு மத்தாயின் தலைவர் மார்ஷல் நிரன்பர்குக்கும், ஹர் கோபிந்த் குரானாவுக்கும், ராபர்ட் ஹாலிக்கும் போனது. மத்தாய்க்கு இல்லை. குறியீட்டை முழுமையாகப் படித்து முடித்தது நிரன்பர்கின் பிந்தைய உழைப்பு என்று ஒரு தரப்பு சொல்லும். முதல் கதவைத் திறந்த கை யாருடையது என்று மறுதரப்பு கேட்கும். யார் பங்கு எவ்வளவு என்று சொல்லப் பரிசுக்கு விதி இல்லை. கட்டுரைக்காவது விதி உண்டு.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஆசிரியராகப் பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருக்க வேண்டும். யார் எதைச் செய்தார்கள் என்று 14 வகைப் பங்களிப்புகளில் பிரித்துச் சொல்லச் சொல்லும் இதழ்களும் பெருகிவிட்டன. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் லேப் தலைவருக்கு என்பது எழுதாத மரபு. சிக்கல் இரண்டாம் மூன்றாம் பெயர்களில்தான் வருகிறது. துறைத் தலைவர் பெயரைக் கௌரவத்துக்காகச் சேர்ப்பது, விலகிப்போன மாணவரின் பெயரை விட்டுவிடுவது ஆகிய இரண்டும் நடக்கின்றன.

இந்தியாவில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நாடளாவிய கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கின. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு அந்தக் கட்டாயம்தான் தீனி போட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் விதியாக அதை வைத்துக்கொள்ளலாம். எனவே சேரும் இடத்தில் எது நடைமுறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

போஸ்ட்டாக்: வேறு கணக்கு

மாணவர் கற்க வருகிறார். போஸ்ட்டாக் செய்துகாட்ட வருகிறார். முதல் மாதத்திலேயே அவரிடம் முடிவுகள் எதிர்பார்க்கப்படும். பொதுவாக இரண்டு முதல் ஐந்தாண்டு. லேப் தலைவரின் நிதியில் சம்பளம் வாங்குவது ஒரு வகை. எம்போ, ஹ்யூமன் ஃபிரான்டியர், மேரி கியூரி போன்ற ஃபெலோஷிப்பைத் தம் பெயரில் வாங்கி வருவது இன்னொரு வகை. இரண்டாவது கடினம். ஆனால் கேள்வியைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு 2024இல் ஆண்டுக்கு 61,008 டாலர். இந்தியாவில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு அனுபவத்தைப் பொறுத்து மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய். நாடு திரும்ப நினைப்பவர்களுக்கு ராமலிங்கசாமி ஃபெலோஷிப்பும், வெல்கம் அறக்கட்டளையும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸும் வாசல்கள்.

இந்தக் கட்டத்தில் பணமும் துணிவும் எப்படி மோதும் என்பதற்கு குரானாவே சாட்சி. லிவர்பூலில் பட்டம் முடித்து 1948இல் சூரிச்சில் விளாடிமிர் பிரேலாக்கிடம் சேர்ந்தபோது அவருக்கு உதவித்தொகை இல்லை, சேமிப்பில் வாழ்ந்தார். நாடு திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை. பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் பாதை இன்னும் வளைந்தது. 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், உயிரியலுக்கு மாற விரும்பி சான் டியாகோவில் மறுபடி முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். அந்த இரண்டாம் பட்டத்தை முடிக்காமலே 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக்காகப் போனார். ரைபோசோம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது அங்கேதான். பிறகு ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை; அரசு ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகள் இருந்தார். 2009இல் வேதியியல் நோபல் பெற்றபோது கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் (எல்.எம்.பி.) இருந்தார்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. மேலே சொன்னவர்களில் அநேகர் வென்றவர்கள். பணமில்லாமல் போஸ்ட்டாக் செய்து, விண்ணப்பித்து விண்ணப்பித்துக் களைத்து, துறையை விட்டே போனவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்கள்தான் பெரும்பான்மை. அமெரிக்காவில் ஒரு முனைவர் தம் பெயரில் முதல் பெரிய தேசிய ஆய்வு நிதியைப் பெறும் சராசரி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2014இல் புரூஸ் ஆல்பர்ட்ஸ், மார்க் கிர்ஷ்னர், ஷர்லி டில்க்மன், ஹெரால்ட் வார்மஸ் ஆகிய நான்கு மூத்த அமெரிக்க உயிரியலாளர்கள், இருக்கும் வேலைகளுக்குப் பொருந்தாத அளவில் இந்த அமைப்பு மாணவர்களையும் போஸ்ட்டாக்குகளையும் உற்பத்தி செய்கிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஜெர்மனியில் பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லையில் வேலை இழப்பவர்களின் கோபம் 2021இல் சமூக ஊடகங்களில் வெடித்தது. ஆகவே எத்தனை ஆண்டு, அதற்குப் பின் என்ன என்ற கேள்வி போஸ்ட்டாக்குக்கு ஆய்வுக் கேள்வி அளவுக்கே முக்கியம்.

எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

ஒரு லேபை வெளியிலிருந்து எடைபோட இந்திய மாணவருக்கு அருமையான கருவி ஒன்று இருக்கிறது: ஷோத்கங்கா. ஆய்வேடுகளை மின்வடிவில் சேர்க்கும் இந்தக் களஞ்சியத்தில் ஒரு கைடின் பெயரைத் தேடினால் அவரிடம் யார் யார் பட்டம் முடித்தார்கள், எந்த ஆண்டில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே பெயர்களைப் பப்மெட்டில் தேடினால் அவர்கள் முதல் பெயராக எதை வெளியிட்டார்கள் என்று தெரியும். ஆய்வேட்டில் இருக்கும் மூன்றாவது அத்தியாயம் கட்டுரையில் வேறொருவர் பெயரில் இருந்தால் அதுவும் தெரியும். லேப் இணையப் பக்கத்தில் முன்பு இருந்து, எந்த ஆய்வேட்டிலும் இல்லாத பெயர் ஒன்று இருந்தால், அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பது பேரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் எது புரிந்தது, எது புரியவில்லை, தமக்கு எந்தச் செய்முறை தெரியும், எப்போது சேர முடியும் என்ற நான்கு வரிகள் போதும். ஆங்கிலத்தில் சரளமாக எழுத வராது என்று தயங்கும் தமிழ்வழி மாணவர்கள் உண்டு. லேப்கள் தேடுவது அலங்காரத்தை அல்ல; கட்டுரையை உண்மையாகப் படித்த அடையாளத்தை.

நேர்காணலில் கேட்பதற்குத் தகுந்தவை இவை: கடைசியாக முடித்த மாணவர் எத்தனை ஆண்டு எடுத்தார்? லேப் மீட்டிங் எத்தனை நாளுக்கு ஒரு முறை? தோற்றுப்போன சோதனையைப் பற்றி அதில் பேசுவார்களா? ஆசிரியர் வரிசையை எப்போது முடிவு செய்வீர்கள்? மகப்பேறு விடுப்பு எடுத்தவர் யாராவது உண்டா? விதிப்படி 240 நாள் உரிமை என்பது காகிதத்தில் இருக்கிறது. லேபில் இருக்கிறதா என்பது வேறு. இதே கேள்விகளைக் கைடு இல்லாத நேரத்தில் லேபில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் நல்ல அடையாளம்.

பெரிய பெயரா, புதிதாக லேப் தொடங்கியவரா என்ற பழைய விவாதத்துக்குப் பொதுவிடை இல்லை. புதியவர் பக்கத்தில் நின்று பிப்பெட் பிடித்துக் காட்டுவார். அவருடைய நிதிக்கு உறுதி குறைவு. பெரியவரின் பரிந்துரைக் கடிதம் கதவுகளைத் திறக்கும். ஆனால் மாணவரைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. முதல் முறை கற்பவருக்கு முன்னவரும், தனியாக நடக்கப் பழகிய போஸ்ட்டாக்குக்குப் பின்னவரும் பொருந்துவது அதிகம்.

முதல் ஆறு மாதம்

சேர்ந்தவுடன் புதிய கண்டுபிடிப்புக்குப் பாய்வது வீண். முன்னால் இருந்தவர் காட்டிய ஒரு முடிவைத் தம் கையால் திரும்பப் பெற்றுக் காட்டுவதே சரியான தொடக்கம். கிடைத்தால் கை பழகியது; கிடைக்காவிட்டால் அதைவிட முக்கியமான செய்தி லேபுக்குக் கிடைத்தது. மைனஸ் 80 ஃப்ரீசரில் பழைய மாணவர் விட்டுப்போன குழாயின் மேல் என்ன எழுதியிருந்தாலும், பிளாஸ்மிட்டின் வரிசையைப் படித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. செல் வரிசைகளுக்கும் இதே விதி. வெவ்வேறு பெயரில் உலவிய பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலா என்ற ஒரே செல் வரிசையே என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966இலேயே காட்டினார். அந்தக் குழப்பம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. மைக்கோபிளாஸ்மா தொற்று கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கான உழைப்பை அழிக்கும்.

குறிப்பேடு அன்றன்றே எழுதப்பட வேண்டும், தோற்ற சோதனைகளையும் சேர்த்து. ஆசிரியர் வரிசையில் தகராறு வரும் நாளில் அதுவே சாட்சி. எத்திடியம் புரோமைடு, இறுகாத அக்ரிலமைடு, ஃபீனால், புற ஊதா விளக்கு, திரவ நைட்ரஜன் ஆகிய ஐந்தையும் கையாள யாராவது முறைப்படி சொல்லித்தராத லேபில் எதையும் தொடக் கூடாது.

அமைப்பு செய்ய வேண்டியது

இதுவரை சொன்னதெல்லாம் பாரத்தை மாணவர் தலையில் ஏற்றுகிறது. அது போதாது. 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, முதுநிலை ஆய்வு மாணவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்றது. தாமாக முன்வந்து விடை சொன்னவர்களின் கணக்கு என்பதால் எண் சற்றுக் கூடியிருக்கலாம், திசையில் சந்தேகமில்லை. அதே ஆய்வில், வழிகாட்டியோடு நல்ல உறவு இருந்தவர்களின் நிலை மேலாக இருந்தது.

நிறுவனங்கள் செய்யக்கூடியவை செலவில்லாதவை. சேரும்போதே, தொடக்கத்தில் சொன்ன நான்கு கேள்விகளுக்கும் ஒரு பக்கத்தில் எழுத்துமூல விடை; மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முதல் அரையாண்டில் இரண்டு லேப் சுழற்சி; கைடைத் தாண்டி மாணவர் தனியாகப் பேசக்கூடிய இரண்டாவது ஆசிரியர்; காரணம் கேட்டு அவமானப்படுத்தாமல் கைடு மாறும் நடைமுறை. பருவந்தோறும் கூடவேண்டிய ஆய்வு ஆலோசனைக் குழு விதியில் ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அது கைடுக்கு முன்னால் கையெழுத்துப் போடும் சடங்காகிவிட்டது. அதில் பாதி நேரத்தைக் கைடு இல்லாமல் நடத்தினால் போதும். செலவு ஆகும் ஒன்றும் உண்டு: உதவித்தொகையின் ஐந்தாண்டை, பட்டத்தின் ஆறாண்டோடு பொருத்துவது.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் நாளையே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லேபும் கடந்த பத்தாண்டில் சேர்ந்தவர்கள் அனைவரையும், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் முடிக்காமல் போனார்கள் என்பதோடு, பெயர் சொல்லாமல் எண்ணிக்கையாகவேனும் தன் பக்கத்தில் வெளியிடட்டும். நல்ல லேப்களுக்கு அதில் இழப்பு எதுவுமில்லை. வெளியிட மறுக்கும் லேப், சேர விரும்பும் மாணவருக்குத் தேவையான விடையை அந்த மறுப்பிலேயே கொடுத்துவிடுகிறது.